புதுப்பிப்பு: பிங்யாவ் போய் வந்தாயிற்று

சீனாவின் சியான் நகரிலிருந்து, மதில் சூழ்ந்த பழைய ஊரான பிங்யாவுக்கு எப்படிப் போவது, கோட்டைக்குள் பெட்டியோடு எப்படி நடமாடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

அதிவேக ரயிலில் ஏறக்குறைய 3 மணி நேரம். அந்த ரயில் நிற்கும் நிலையத்திலிருந்து பழைய நகரம் பல கிலோமீட்டர் தள்ளி. டவுன் பஸ், டாக்சி உண்டு. மெதுவான ரயில்கள் நிற்கும் பழைய நிலையம்தான் மதிலுக்குப் பக்கம்.

உள்ளே கார் வராது. விடுதியில் முன்பே சொல்லிவைத்தால் பேட்டரி வண்டி அனுப்புகிறார்கள். கட்டாயம் சொல்லிவிடுங்கள், கல் பாவிய தெருவில் பெட்டியை உருட்டினால் சக்கரம் கடகடவென்று ஊரையே எழுப்பிவிடும்.

தெருவில் சுற்ற டிக்கெட் வேண்டாம். மதில் மேல் ஏறவும், 1823இல் தொடங்கிய ரிஷெங்சாங் உண்டியல் கடையை (ஊர் விட்டு ஊர் பணம் அனுப்பிய அந்தக்கால வங்கி) பார்க்கவும் ஒரே டிக்கெட்தான். மதில் சுற்றளவு 6 கி.மீ., நிழலே கிடையாது. நாங்கள் பாதியிலேயே இறங்கிவிட்டோம்.