உள் இணைப்பா, வெளி இணைப்பா: குழம்பிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எங்கள் வாயனசாலைக்கு (நூலகம்தான்) மீடியாவிக்கியில், அதாவது விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருளில், ஊர்வரலாறு தொகுக்கிறோம். வெளி இணைப்புக்குப் பக்கத்தில் வரும் குட்டி அம்பு என் கண்ணை உறுத்தியது. தளத்தின் தோற்றத்தை மாற்றும் காமன்.சிஎஸ்எஸ் பக்கத்தில் நாலு வரி போட்டுத் தூக்கிவிட்டேன். போதாததற்கு, இன்டர்விக்கி இணைப்பின் (இன்னொரு விக்கிக்குப் போவது) வெளுத்த நீலத்தையும் மற்றதோடு ஒன்றாக்கினேன். பக்கம் பளிச்சென்றுதான் இருந்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சித்தூர்ப்புழை ஆறு பற்றிய விக்கிப் பக்கத்தில் ஒரு இணைப்பைத் தட்டியிருக்கிறார். அது மலையாளத்தில் உள்ள வேறொரு விக்கிக்குப் போகும். அதுவும் மீடியாவிக்கிதான், அதே தோற்றம், அதே இடத்தில் தொகு பொத்தான். வேற்றூர்க்காரர் எழுத்தைப் பார்த்ததுமே விழித்திருப்பார். கேரள எல்லையில் இருக்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்தும் ஒன்றுபோலப் பழக்கம். எங்கள் விக்கி என்றே நினைத்து அவர் பாட்டுக்கு உட்கார்ந்து, 1924 வெள்ளத்தைப் பற்றி அவர் அம்மா சொன்னதையெல்லாம் மலையாளத்தில் எழுதிச் சேமித்துவிட்டார். ஆதாரம் இல்லையென்று அங்கே நீக்கிவிட்டார்கள். அவர்கள் முறைப்படி அது சரி.

மறுநாள் காலை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "தம்பி, எங்க அம்மா சொன்னதை ஏன் அழிச்சே?" என்றார். பக்க வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்றேன். "அங்கேயே கிடக்கட்டும்" என்று திரும்பிப் போய்விட்டார்.

செங்கோட்டை:
எனக்கு நேர்மாறு. சங்கத்து விக்கியில் நம்முடைய பக்கத்துக்கே முழு முகவரியை ஒட்டி, ஒற்றை அடைப்புக்குறி போட்டு வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் அம்பு. பொருளாளர் மாமா திரையில் விரலை வைத்து, "நம்ம பக்கத்துக்கு எதுக்குடே வெளியே போற அம்பு? வித்துட்டியா?" என்றார். எச்டிடிபி என்று தொடங்கினால் அது யார் வீட்டு முகவரி என்று மென்பொருள் பார்ப்பதில்லை, வெளி என்றே முடிவு கட்டிவிடும். உள் இணைப்புக்கான இரட்டை அடைப்புக்குறிக்கு மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. (1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். உள்ளே வெளியே குழப்பம் எங்களுக்குப் புதிதில்லை.)

திருத்தணி முருகன் துணை:
கொழிஞ்சாம்பாறை, அம்பை விட்டுவைத்திருந்தாலும் வாத்தியார் மாட்டியிருப்பார். இன்டர்விக்கிக்கு அம்பே வராது, அதன் வகுப்பு (மென்பொருள் இணைப்புக்கு இடும் வகைப்பெயர்) வேறு. உங்கள் பிழை அந்த நீலத்தை அழித்ததுதான்.

என் கதை சின்னது. அலுவலகத்தில் டோக்குவிக்கி, அது இன்னொரு விக்கி மென்பொருள். இருக்கும் பக்கத்துக்குப் பச்சை, இல்லாததற்குச் சிவப்பு. சிவப்புக்கு அடியில் விட்டுவிட்டு வரும் கோட்டை அழகுக்காக எடுத்தேன். பக்கத்து மேசைத் தம்பி, "அண்ணா, ரெண்டும் எனக்கு ஒரே சேறு நிறமாத்தான் தெரியுது" என்றான்.

அதனால் சொல்கிறேன், நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கோடோ படமோ கூட இருக்கட்டும். டோக்குவிக்கியில் வெளி இணைப்புக்கு உலக உருண்டை வரும், இன்டர்விக்கிக்கும் தனிப் படம் உண்டு. அதையே பார்த்துச் செய்யலாம். முகவரி எச்டிடிபியில் தொடங்கினால் வெளி என்று சிஎஸ்எஸ் எழுதுபவர்கள், சொந்தத் தளத்தின் பெயருக்கு விலக்கு கொடுக்க மறந்துவிடாதீர்கள். செங்கோட்டைக்கு ஒன்று: தொகு, வரலாறு மாதிரி முழு முகவரி வேண்டிய இடங்களைப் பிளெயின்லிங்க்ஸ் வகுப்புக்குள் வைத்தால் அம்பு போய்விடும், ஞாயிற்றுக்கிழமை தப்பியிருக்கும். வெளி இணைப்பைப் புதிய தாவலில் திறக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது, பின்னால் போகும் பொத்தான் செத்துவிடும். முடித்ததும் ஒரு பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பாருங்கள். அப்புறம்...

செங்கோட்டை:
அச்சு எடுத்துப் பார்க்கணுமா! பொருளாளர் மாமாவிடம் தாளுக்குக் காசு நீங்களே கேட்டு வாங்கித் தாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சிஎஸ்எஸ் கேட்டு நான் எழுதவில்லை. ஆனாலும் சரி, இன்டர்விக்கிக்கு நிறத்தைத் திருப்பிக் கொடுத்து ஒரு படமும் சேர்த்தேன். போன வாரம் வாத்தியார் வந்தார். பார்த்துவிட்டு, "இந்த வித்தியாசம் முன்னாடியே இருந்துச்சா?" என்று கேட்டார்.

நான்தான் எடுத்தேன் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.