வேர்டு டேபிள் ரெண்டு பக்கத்துக்குப் பிச்சிக்கிட்டு நிக்குது, 3 கிலோ முந்திரி காணாம போச்சு, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

மாம்பலம்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம், சிரிக்காம படிங்க. எங்க அப்பா கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுக்கறவர், மேற்கு மாம்பலம். முன்னாடியெல்லாம் மளிகை லிஸ்ட்டை நீள பேப்பர்ல கையால எழுதித்தான் கடைக்குக் குடுப்பாரு, மேல பிள்ளையார் சுழி, கீழ "புதுசா பார்த்து போடவும்". இப்ப கல்யாண வீட்டுக்காரங்களும் ஒரு காப்பி வாட்ஸப்ல கேக்கறாங்கன்னு ஒரு வருஷமா நான் வேர்டு 2016ல டேபிள் போட்டு அடிச்சுத் தரேன். நம்பர், பொருள், அளவு, குறிப்பு, அவ்ளோதான் டேபிள். ஆனா 90 ஐட்டத்துக்கு மேல இருக்கும், மூணு பக்கம் போகும்.

போன முகூர்த்தத்துல என்ன ஆச்சுன்னா, முந்திரிக்கு அளவு கட்டத்துல "முழுசு 2 கிலோ"ன்னு ஒரு வரி, அதுக்குக் கீழயே "உடைச்சது 3 கிலோ"ன்னு ஒரு வரி அடிச்சிருந்தேன், பிரிண்ட்ல ரெண்டாவது வரி வரவே இல்ல. கடைக்காரர் லிஸ்ட்ல இருந்ததை கரெக்டா 2 கிலோ முழுசு மட்டும் போட்டுட்டாரு. விடியக்காலை நாலு மணிக்கு கேசரிக்கு முழு முந்திரியை உடைச்சுப் போட்டு, பாயாசத்துக்கு இல்லாம, அப்பா போன் பண்ணி என்னைத் திட்டினது தெருவுக்கே கேட்டிருக்கும். சத்தியமா நான் அடிச்சேங்க, கட்டத்துக்குள்ள கர்சர் வச்சு கீழ அம்பு அழுத்தினா கர்சர் எங்கயோ போயிட்டு வருது, கண்ணுக்கு ஒண்ணும் தெரியல.

இதுபோக, ஒரு ஐட்டம் பாதி இந்தப் பக்கத்துல பாதி அடுத்த பக்கத்துல வருது, தலைப்பு வரி ரெண்டாவது பக்கத்துல வர மாட்டேங்குது (ரிப்பீட் ஹெட்டர் ரோஸ் போட்டுத்தான் இருக்கு), டைப் பண்ணப் பண்ண காலம் (column) அகலம் தானா மாறுது, கடைசியில ஒரு வெத்துப் பேப்பர் வேற வருது, அதுக்கும் ஜெராக்ஸ் கடையில காசு. டேபிளையே தூக்கிப் போட்டுட்டு திரும்ப கையால எழுதலாமான்னு இருக்கு.

எக்செல்_வெறியன்:
சிஸ்டர், லிஸ்ட்டுன்னாலே எக்செல் தான். வேர்டுல டேபிள் போடறது தோசைக்கல்லுல சாதம் வடிக்கிற மாதிரி. பேஜ் லேஅவுட்ல பிரிண்ட் டைட்டில்ஸ்னு இருக்கும், மேல ரிப்பீட் ஆக வேண்டிய வரியைக் காட்டிட்டா தலைப்பு எல்லாப் பக்கத்துலயும் வந்துடும், மேட்டர் ஓவர்.

டிடிபி_திருவல்லிக்கேணி:
எக்செல் தம்பி, அங்கயும் ரெண்டு கட்டத்தை மெர்ஜ் பண்ணி ரெண்டு வரி அடிச்சா உயரம் தானா கூடாது, அதே முந்திரி அங்கயும் தொலையும். இந்தப் பொண்ணு கேட்டதுக்கு வருவோம்.

நான் பேஜ்மேக்கர் காலத்துலேர்ந்து ஜாப் வொர்க் பண்றவன்மா, கல்யாணப் பத்திரிகை, விலைப்பட்டியல், சங்கத்து வரவு செலவு எல்லாம் போட்டுப் போட்டு சலிச்சாச்சு. உன் முந்திரி எங்கயும் போகல, கட்டத்துக்குள்ளதான் இருக்கு. வரிசை எல்லாம் ஒரே உயரமா அழகா இருக்கணும்னு எப்பவோ உயரத்தை ஃபிக்ஸ் பண்ணியிருப்ப. மொத்த டேபிளையும் செலக்ட் பண்ணி ரைட் கிளிக், டேபிள் பிராப்பர்ட்டீஸ், அதுல ரோ டேப்புக்குப் போ. ஸ்பெசிஃபை ஹைட்னு டிக் இருக்கும், பக்கத்துல எக்ஸாக்ட்லின்னு இருக்கும் பாரு, அதான் வில்லன். எக்ஸாக்ட்லின்னா நீ சொன்ன உயரத்துக்கு மேல ஒரு பொட்டு கூட ஏறாது, எழுத்து மிச்சம் இருந்தா வெளிய காட்டாது, சத்தமே இல்லாம முழுங்கிடும், எரர் மெசேஜ் கூட வராது. அதை அட் லீஸ்ட்னு மாத்து. ஒரு வரி இருந்தா நீ சொன்ன உயரம் இருக்கும், ரெண்டு வரி வந்தா தானா பெருசாகும்.

அதே இடத்துலயே அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துடு. அது இருக்கறதாலதான் ஐட்டம் பாதி பாதியா வெட்டுப்படுது. எடுத்துட்டா ஒரு ஐட்டம் இடம் பத்தலைன்னா முழுசா அடுத்த பக்கத்துக்குப் போயிடும்.

காலம் அகலம் ஆடறதுக்கு, அதே டயலாக்ல டேபிள் டேப்ல ஆப்ஷன்ஸ் அழுத்தி, ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கான்டென்ட்ஸ்ங்கற டிக்கை எடு. ஏ4 பேப்பர் 21 செ.மீ., வேர்டு தானா விடற மார்ஜின் ரெண்டு பக்கமும் 2.54, மிச்சம் 15.92 தான் உனக்குக் கிடைக்கற இடம். அதுக்குள்ள நம்பருக்கு 1.2, பொருளுக்கு 6, அளவுக்கு 4, மிச்சம் குறிப்புக்குன்னு பிரிச்சு காலம் டேப்ல போட்டுட்டா அசையாது. மவுஸால கோட்டைப் புடிச்சு இழுக்கவே இழுக்காத.

வெத்துப் பேப்பர் ஏன்னா, டேபிளுக்குக் கீழ ஒரு வெறும் பாரா கட்டாயம் இருந்தே ஆகணும், அது வேர்டோட சட்டம், அழிக்க முடியாது. டேபிள் பக்கத்தோட அடி வரைக்கும் வந்துட்டா அந்த ஒத்தைப் பாரா தனியா புதுப் பக்கத்துக்கு ஓடுது. அங்க கர்சர் வச்சு எழுத்து அளவு 1, லைன் ஸ்பேசிங் எக்ஸாக்ட்லி 1 பாயின்ட், பிஃபோர் ஆஃப்டர் ரெண்டும் 0 போடு, மேல ஏறிடும். (எக்ஸாக்ட்லி இங்க மட்டும் நல்லவன்.)

மாம்பலம்_பொண்ணு:
அண்ணா!!! அட் லீஸ்ட்னு மாத்தின உடனே டேபிள் முழுக்க எங்கெங்கேயோ ஒளிஞ்சிருந்த வரி எல்லாம் வெளிய வருது. ஏலக்காய்க்கு கீழ "பச்சையா இருக்கணும்", ஜவ்வரிசிக்கு கீழ "சேலம்", இதெல்லாம் போன ஆறு மாசமா யாருமே படிக்கல போல 😭 அப்பா கிட்ட இன்னும் சொல்லல.

ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, இப்ப சில வரிசை மட்டும் கீழ ஒரு காலி இடத்தோட தொப்பையா இருக்கு, அதுக்காகத்தான் முன்னாடி எக்ஸாக்ட்லி போட்டேன்னு இப்ப ஞாபகம் வருது. ரெண்டு, தலைப்பு இன்னும் ரெண்டாவது பக்கத்துல வரல, ரிப்பீட் ஹெட்டர் ரோஸ் அழுத்தி அழுத்திப் பார்த்துட்டேன்.

டிடிபி_திருவல்லிக்கேணி:
தொப்பைக்குக் காரணம் பேஸ்ட். வேற ஃபைல்லேர்ந்தோ வெப்சைட்லேர்ந்தோ காப்பி பண்ணிப் போட்ட வரி மட்டும் பாராவுக்கு அடியில ஸ்பேஸையும் கூட்டிக்கிட்டு வரும், புது வேர்டுல சும்மாவே பாராவுக்குக் கீழ 8 பாயின்ட் விடும். டேபிளை செலக்ட் பண்ணி பாராகிராஃப்ல ஸ்பேசிங் ஆஃப்டர் 0 ஆக்கு, எல்லாம் ஒரே மாதிரி ஒல்லியாயிடும். உயரத்தை நெருக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் பார்த்திருக்கணும் நீ.

தலைப்புக்கு ரெண்டு சந்தேகம் எனக்கு. டேபிளை மூலையில இருக்கற நாலு அம்புக் குறியைப் புடிச்சு இழுத்து நகர்த்தினியா? அப்படி இழுத்தா டெக்ஸ்ட் ராப்பிங் தானா அரவுண்ட்னு மாறிடும், டேபிள் மிதக்க ஆரம்பிச்சுடும், மிதக்கற டேபிள்ல தலைப்பு ரிப்பீட் ஆகறதில்ல. டேபிள் டேப்ல அதை நன் (None) ஆக்கு. இன்னொண்ணு, வரிசை பாதியா வெட்டுதுன்னு நடுவுல எங்கயாச்சும் கன்ட்ரோல் என்டர் அடிச்சு பக்கத்தை உடைச்சியா? கையால உடைச்ச இடத்துக்கு அப்புறம் தலைப்பு வராது, அது தானா வர்ற பக்கத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 அழுத்தினா மறைஞ்சிருக்கற குறி எல்லாம் தெரியும், எங்கெங்க உடைச்சிருக்கன்னு பார்த்து அழி.

மாம்பலம்_பொண்ணு:
ரெண்டுமே பண்ணியிருக்கேன் அண்ணா 🙈 இழுத்திருக்கேன், நாலு இடத்துல உடைச்சும் இருக்கேன். கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 போட்டா பக்கம் பூரா புள்ளி புள்ளியா கோலம் போட்ட மாதிரி இருக்கு, அளவை நேரா கொண்டு வர ஸ்பேஸ்பார் தட்டினது எல்லாம் புள்ளியா தெரியுது.

டிடிபி_திருவல்லிக்கேணி:
ஸ்பேஸ்பாரா, கடவுளே. கிலோ கிராமைத் தனி காலத்துல போட்டுட்டு, எண்ணு காலத்தை செலக்ட் பண்ணி, மேல ரூலரோட இடது மூலையில இருக்கற சின்னக் கட்டத்தை டெசிமல் டேப் குறி வர்ற வரைக்கும் தட்டு, தலைகீழ் டி மாதிரி பக்கத்துல ஒரு புள்ளியோட இருக்கும். அப்புறம் ரூலர்ல அந்தக் காலத்துக்கு மேல ஒரு கிளிக். காலம் லெஃப்ட் அலைன்ல இருக்கணும். டேபிளுக்குள்ள டெசிமல் டேப் வச்சா டேப் பட்டனை அழுத்தவே வேணாம், 2.5ம் 25ம் 12.75ம் புள்ளிக்கு நேரா தானா நிக்கும். இதைப் பார்த்துட்டு எங்கிட்ட வேலை செஞ்ச பசங்க எல்லாம் ஒரு நாள் முழுக்க வாயைப் பொளந்துட்டு இருந்தானுங்க.

அடையாறு_ஆராய்ச்சி:
இதெல்லாம் சரி பண்ணிட்டு அப்படியே டாக் ஃபைலை பென்டிரைவ்ல எடுத்துட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போயிடாதீங்க, நான் பட்டதைச் சொல்றேன். தீசிஸ் பைண்டிங் குடுக்கற அன்னிக்கு ஒரு கடையில ஃபைலைத் திறந்தா 14 டேபிளும் கன்னாபின்னான்னு குலைஞ்சு கிடக்கு, கடைசி காலம் பேப்பருக்கு வெளிய. நான் தமிழ் பகுதியை லதா ஃபான்ட்ல அடிச்சிருந்தேன், விண்டோஸ் 10ல லதா, விஜயா எல்லாம் சும்மா கூட வர்றதில்ல, தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்னு தனியா சேர்த்தாத்தான் வரும். கடை மெஷின்ல அது இல்ல, வேர்டு தன் இஷ்டத்துக்கு வேற ஃபான்டைப் போட்டுக்கிச்சு, எழுத்து அகலம் மாறினா வரி மடங்கறது மாறும், வரி மாறினா பக்கம் மாறும். அது போதாதுன்னு என் ஃபைல் பேப்பர் சைஸ் லெட்டர்ல இருந்திருக்கு, 8.5 இன்ச்சுக்கு 11 இன்ச், கடையில இருக்கறது ஏ4. அகலத்துல ஏ4 ஆறு மில்லிமீட்டர் கம்மி, என் கடைசி காலம் போனது அதுலதான். நிர்மலா யூஐ ஃபான்ட் விண்டோஸ் 8லேர்ந்து எல்லா மெஷின்லயும் இருக்கும், அதுல அடிங்க, பேப்பரை முதல்லயே ஏ4 ஆக்குங்க, கடைக்கு பிடிஎஃப் மட்டும் குடுங்க. வாட்ஸப்லயும் பிடிஎஃப் தான் அனுப்பணும், போன்ல டாக் ஃபைல் திறந்தா டேபிள் என்ன கதி ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

லிப்ரே_மாமா:
யாராவது லிப்ரே ஆபீஸ் ரைட்டர்ல இதே தொல்லையோட தேடி வந்தீங்கன்னா, அங்க டேபிள் பிராப்பர்ட்டீஸ்ல டெக்ஸ்ட் ஃப்ளோன்னு ஒரு டேப், வரிசை உடையாம இருக்கறது, ரிப்பீட் ஹெட்டிங், ரெண்டும் அங்கயே இருக்கு. அகலம் மாத்தற கட்டம் மங்கலா இருந்தா அலைன்மென்ட் ஆட்டோமேட்டிக்ல இருக்குன்னு அர்த்தம், லெஃப்ட்னு மாத்தினா திறக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு. தமிழ் எழுத்து அளவு மாத்தினா மாறவே மாட்டேங்குதுன்னா, ஸ்டைல்ல சிடிஎல் ஃபான்ட்னு தனியா ஒரு பகுதி இருக்கும், தமிழுக்கு அதுல மாத்தணும், வெஸ்டர்ன்ல மாத்தினா இங்கிலீஷ் மட்டும்தான் அசையும்.

எக்செல்_வெறியன்:
நான் இன்னும் எக்செல் தான் பெஸ்ட்னு சொல்றேன், பதிவு பண்ணிக்கோங்க. மொத்தம் கூட்டணும்னா என்ன பண்ணுவீங்க?

டிடிபி_திருவல்லிக்கேணி:
முந்திரியையும் ரவையையும் எதுக்குப்பா கூட்டணும்?

மாம்பலம்_பொண்ணு:
😂😂 அண்ணா எல்லாம் முடிஞ்சுது. ஃபான்ட் நிர்மலா, ஏ4, புள்ளிக் கோலம் அழிச்சாச்சு, தலைப்பு மூணு பக்கத்துலயும் வருது, நாலாவது பேப்பர் இல்ல. தை மாசத்து முதல் கல்யாணத்து லிஸ்ட்டை பிடிஎஃப் எடுத்து அப்பா கிட்ட காமிச்சேன். கண்ணாடியைப் போட்டுட்டு முந்திரி வரியை மட்டும் ரெண்டு தடவை படிச்சாரு, அப்புறம் பேப்பரோட உச்சியைத் தடவிப் பார்த்துட்டு "சுழி எங்கம்மா?"ன்னு கேக்கறாரு. இவ்ளோ நாளா நான் பிரிண்ட் எடுத்தப்புறம் பேனாவால போட்டுட்டு இருந்தேன், ஏன்னா ஃபைல் ஆரம்பத்துலயே டேபிள் இருக்கு, அதுக்கு மேல கர்சரே போக மாட்டேங்குது. இதுக்கு ஏதாவது வழி இருக்கா?

டிடிபி_திருவல்லிக்கேணி:
முதல் கட்டத்துல, முதல் எழுத்துக்கு முன்னாடி கர்சர் வச்சு ஒரு என்டர். டேபிள் ஒரு வரி கீழ இறங்கி இடம் விடும்.

மாம்பலம்_பொண்ணு:
உ