இன்னொரு செல்லைப் பார்த்து வரி முழுக்க கலர் வரணும் – உதவி

நீலவானம்: அவசரம். ஷீட்டுல டி நெடுவரிசைதான் ஸ்டேட்டஸ், அதுல "முடிந்தது"ன்னு போட்டா அந்த வரி முழுக்க பச்சையாகணும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் (நிபந்தனை பொருந்தினா தானா கலர் வர்ற விதி) போட்டாச்சு, கலர் தப்பான இடத்துல வருது. யாராவது சொல்லுங்களேன்.

செல்லாக்காசு: எக்செல்லா, கூகுள் ஷீட்ஸா? எழுதின ஃபார்முலா என்ன?

டாலர்தாசன்: பார்க்காமலே சொல்றேன், டாலர் ($, நெடுவரிசையையோ வரியையோ நகராம பூட்டற குறி) விட்டுப்போச்சு. =டி2="முடிந்தது"ன்னு எழுதினா ஏ செல் டி-யைப் பார்க்கும், பி செல் ஈ-யைப் பார்க்கப் போயிடும். =$டி2="முடிந்தது"ன்னு மாத்துங்க. 2-க்கு முன்னாடி டாலர் வேண்டாம், போட்டா எல்லா வரியும் ஒரே செல்லையே பார்க்கும்.

துளிமழை: கடைசியில ஸ்பேஸ் ஒட்டியிருக்கும். ட்ரிம் (அதிகப்படி ஸ்பேஸை நீக்கற ஃபங்ஷன்) போடுங்க. எனக்கு எப்பவும் இதுதான்.

செல்லாக்காசு: ஸ்பேஸ் இருந்தா கலரே வராதே. தப்பான இடம்னா எது? பக்கத்து செல்லா, மேல் வரியா, கீழ் வரியா?

பழையபுலி: இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் சொல்றது? ரிலேட்டிவ் ரெஃபரன்ஸ் (செல் மாற மாற முகவரியும் நகர்றது) புரியாமலே கலர் அடிக்கக் கிளம்பிடறாங்க. பேசாம ஃபில்டர் போடுங்க. கலரை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

துளிமழை: கலரை வெச்சே ஃபில்டர் பண்ணலாம் ஐயா. எக்செல் 2007-லயே வந்தாச்சு.

பழையபுலி: கவுண்ட்இஃப் (நிபந்தனைக்குப் பொருந்தற செல்களை எண்ற ஃபங்ஷன்) கலரை எண்ணுமா? அதைச் சொன்னேன்.

துளிமழை: "முடிந்தது"ங்கறதையே எண்ணிட்டுப் போகுது, கலரை எதுக்கு எண்ணணும்?

நீலவானம்: எக்செல். டாலர் இருக்கு: =$டி1="முடிந்தது". டேட்டா 2-ஆவது வரியிலேர்ந்து, அங்கேர்ந்துதான் செலக்ட் பண்ணேன். "முடிந்தது" இருக்கற வரியை விட்டுட்டு அதுக்குக் கீழ் வரி பச்சையாகுது.

செல்லாக்காசு: அதான் விஷயம். விதி 2-ஆவது வரியில தொடங்குது, ஃபார்முலா 1-ஐப் பார்க்குது. 2-ஆவது வரி தலைப்பைப் பார்க்கும், 3-ஆவது 2-ஐப் பார்க்கும், இப்படியே ஒண்ணு தள்ளித் தள்ளிப் போகும். மேனேஜ் ரூல்ஸ்ல போய் =$டி2 ஆக்குங்க. அந்தப் பெட்டியில அம்புக்குறி அழுத்தினா செல் முகவரி உள்ளே வந்து விழும், முதல்ல எஃப்2 தட்டிக்கோங்க, அப்புறம் அம்புக்குறி எழுத்துக்குள்ளயே நகரும்.

டாலர்தாசன்: புது விதி போடறப்போ இன்னொண்ணு: எக்செல் கணக்கு வைக்கறது ஆக்டிவ் செல்லை (செலக்ட் பண்ணத் தொடங்கின செல்லை) வெச்சு. 40-ஆவது வரியிலேர்ந்து மேலே இழுத்து செலக்ட் பண்ணிட்டு $டி2-ன்னு எழுதினா, அப்புறம் திறந்து பார்க்கறப்போ ஷீட்டோட அடிப்பக்கத்துக்கே சுத்திப் போய் $டி1048540-ன்னு நிக்கும்.

பழையபுலி: இதெல்லாம் அடிப்படை.

நீலவானம்: வந்துடுச்சு. நன்றி.

துளிமழை: ட்ரிம் போட்டீங்களா?