"பிடிக்காது என்று இல்லை": ஜப்பானிய மொழியில் மென்மையாக மறுத்த அனுபவங்கள்

தோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாதம். கூட்டம் முடிந்ததும், விளக்கம் அளித்த பிரிவுத் தலைவர் என் பக்கம் திரும்பி, எல்லாம் புரிந்ததா என்று கேட்டார். நான் விடாமல் தலையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, புரிந்துவிட்டது என்றே முடிவு செய்திருந்தார்.

"முழுவதும் புரிந்துவிட்டது என்று இல்லை" எனப் பணிவாகச் சொல்ல நினைத்தேன். அதற்கு "ஜென்பு வக்கத்தா வக்கே தெவா நைன் தெஸ் கா..." என்று இழுத்து நிறுத்த வேண்டும். என் வாயில் வந்ததோ "வக்காரு வக்கேகா நை தெஸ்". 'புரிவதற்கு வாய்ப்பே இல்லை' என்று பொருள்! அவர் முகம் மாறியது. மூத்த சக ஊழியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, இரண்டு வாக்கியங்களையும் தாளில் எழுதிக் காட்டினார். நடுவில் 'தெவா' வந்தால் மென்மையான மறுப்பு. 'கா' வந்தால் அடித்துச் சொல்லும் மறுப்பு. அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

'வக்கே' என்றால் காரணம், பொருள். 'வக்கே தெவா நை' என்னும்போது, நீங்கள் ஊகித்தது முழுக்கப் பொருந்தாது என்று மட்டுமே சொல்கிறோம். ஆங்கில விளக்கத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் திண்டாடினேன். 'கிராய் நா வக்கே ஜா நை' ('ஜா' என்பது 'தெவா'வின் பேச்சு வடிவம்) என்பது சொல் வரிசைகூட மாறாமல் நம் 'பிடிக்காது என்று இல்லை'தான். தமிழர்கள் இதைத் தமிழ் வழியாகவே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

---

நான் ஒசாகாவில் படித்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் விருந்துக்கு அழைத்தார். இந்தியப் பெண் என்றால் சைவம்தான் என்று எண்ணி, மீன் சாறு சேர்க்காமல் 'கொம்பு' என்னும் கடற்பாசியில் தனியாக மிசோ சூப் வைத்திருந்தார். நானோ மீன் சாப்பிடுபவள். அவ்வளவு பாடுபட்டவரிடம் "சிகைமஸ்" (இல்லை, தவறு) என்று எப்படிச் சொல்வது? முதலில் நன்றி சொன்னேன். பிறகு "இந்தோஜின் தகரா தோ இத்தே, மின்னா பெஜிதாரியன் தோ யூ வக்கே ஜா நைன் தெஸ்" என்றேன். இந்தியர் என்பதால் எல்லோரும் சைவம் என்று இல்லை. 'தகரா தோ இத்தே' முன்னால் வந்தால் 'வக்கே ஜா நை' தானாகவே பின்னால் வந்துவிடும். இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். அந்த அம்மா சிரித்துவிட்டார். அடுத்த வாரம் வறுத்த சாபா மீன் வந்தது.

---

எனக்கு உதவியது 'வக்கே' வரும் இன்னொரு தொடர். அலுவலக விருந்தில் பீர் ஊற்ற வந்தார்கள். நான் குடிக்கவே மாட்டேன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம். "நோமநை வக்கே ஜா நைன் தெஸ் கெதோ" (குடிக்க மாட்டேன் என்று இல்லை, ஆனால்...) என்று தொடங்கி, காரில் வந்திருப்பதால் "நோமு வக்கேனிவா இகிமசென்" என்று முடித்தேன். குடிப்பது முறையாகாது என்று பொருள். யாரும் வற்புறுத்தவில்லை. ஊலாங் தேநீர் நிரம்பிய கண்ணாடிக் குவளை என் முன்னால் வந்தது. அதை உயர்த்தி எல்லோருடனும் "கம்பாய்" சொன்னேன்.