தம்பிக்குக் கப்பல் வேலையா, படகு இன்ஜின் வேலையா?

பாம்பன் அக்கா:
தம்பிக்கு 19 வயது, பிளஸ் டூ முடித்திருக்கிறான். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இவனையும் அதே படகில் ஏற்ற அவருக்கு மனசில்லை. ஏஜென்ட் ஒருவர் 4 லட்சம் கேட்கிறார். பதினைந்து நாள் பயிற்சி, சி.டி.சி. (கடலோடிக்கு அரசு தரும் பதிவுப் புத்தகம்), கப்பலில் வேலை எல்லாம் அவர் பொறுப்பாம். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா? இல்லை, இங்கேயே இன்ஜின் வேலை பழகினால் மேலே வர வழி உண்டா?

நங்கூரம்:
நகையைத் தொடாதே தங்கச்சி. முதலில் தம்பியின் கண்ணைச் சோதித்துப் பாருங்கள். புள்ளிப் புள்ளியாக நிறம் போட்ட பக்கத்துக்குள் எண் மறைந்திருக்கும், அதைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும். நிறக்குருடு இருந்தால் கப்பல் ஓட்டும் பக்கமும் இன்ஜின் பக்கமும் அத்தோடு மூடிவிடும். ஃபீஸ் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் பணம் திரும்பாது.

அந்தப் பதினைந்து நாள் பயிற்சி என்பது கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு, கப்பல் பாதுகாப்பு என்ற எஸ்.டி.சி.டபிள்யூ. (கடலோடிப் பயிற்சிக்கான உலக விதி) வகுப்புகளாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் கட்டாயம்தான், ஆனால் அதை மட்டும் வைத்து டெக்கில், அதாவது கப்பலின் மேல்தளத்தில், வேலை கிடைக்காது. கடைநிலைப் பணியாளராகச் சேர ஜி.பி. ரேட்டிங் என்ற படிப்பைப் படிக்க வேண்டும்: 6 மாதம், விடுதியில் தங்கி. பாஸ்போர்ட்டும் இண்டோஸ் எண்ணும் (கடலோடிகளுக்கான அரசுப் பதிவு எண்) எடுத்து, டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) இணையதளத்தில் பெயர் உள்ள கல்லூரியில் மட்டும் சேருங்கள். ஃபீஸைக் கல்லூரிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள்.

வேலை வாங்கித் தரப் பணம் வாங்குவதைச் சட்டமே தடுக்கிறது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற, கப்பலுக்கு ஆள் எடுப்பதற்கான அரசு உரிமம் வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு, அதே தளத்தில் பெயரும் காலாவதித் தேதியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வேறு நாட்டு சி.டி.சி. எடுத்துத் தருகிறேன், சுற்றுலா விசாவில் போய் அங்கே கப்பல் ஏறலாம் என்று பேச்சு வந்தால் அந்த ஆளோடு பேச்சையே நிறுத்துங்கள். நடுக்கடலில் சம்பளமில்லாமல் மாட்டிக்கொள்ளும் பையன்களில் பலர் அந்த வழியில் போனவர்கள்தான்.

வலைக்கயிறு:
சிஃப்நெட்டை ஏன் யாரும் சொல்லவில்லை? மீன்பிடிக் கப்பல் வேலைக்குப் பயிற்சி தரும் மத்திய அரசு நிறுவனம் அது. கொச்சி, சென்னை, விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. வெஸல் நேவிகேட்டர் (கப்பல் ஓட்டுவது), மரைன் ஃபிட்டர் (கப்பல் இன்ஜின்) என்று இரண்டு படிப்பு, இரண்டும் 2 வருடம். பத்தாம் வகுப்பில் கணிதத்திலும் அறிவியலிலும் 40 சதவீதம் வேண்டும், நுழைவுத் தேர்வு உண்டு. வயது வரம்பு 20. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 வருடத் தளர்வு. உங்கள் தம்பிக்கு இந்த வருடம் விட்டால் கஷ்டம், அதனால் அறிவிப்பை இப்போதே தேடுங்கள். நேவிகேட்டர் முடித்தவர் கடல் அனுபவம் சேர்த்து, மேட் (துணைத் தலைவர்), பிறகு ஸ்கிப்பர் (கப்பல் தலைவர்) என்று மீன்பிடிக் கப்பலுக்கான தகுதித் தேர்வுகளை எழுதலாம். ஃபிட்டர் முடித்தவருக்கு இன்ஜின் பக்கத்துத் தேர்வுகள்.

பாம்பன் அக்கா:
நன்றி அண்ணே. கண் பரிசோதனையை ராமநாதபுரத்தில் பார்த்தால் செல்லுமா?

நங்கூரம்:
நிறம் தெரிகிறதா என்று தெரிந்துகொள்ள எந்தக் கண் டாக்டரும் போதும். சேர்க்கைக்கான மருத்துவச் சான்று மட்டும் டி.ஜி. ஷிப்பிங் பட்டியலில் உள்ள டாக்டரிடம் வாங்க வேண்டும்.

டீசல் கை:
இன்ஜின் வேலையைக் குறைத்து நினைக்க வேண்டாம். ஆனால் எடுபிடியாகவே பத்து வருடம் ஓடிவிடக் கூடாது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் ஒரு வருடம் படிக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில், இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பது அப்போதுதான். அந்த 61 நாளும் பட்டறையில் நிற்கட்டும்.

எப்படிக் கற்க வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இன்ஜின் சூடேறுகிறது என்று படகு வரும். கடல்நீர் பம்பைத் திறந்தால், தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் இரண்டு இறக்கை இருக்காது. புதுசு மாட்டி அனுப்பிவிடுவார்கள், படகு மறுபடி சூடேறித் திரும்பும். உடைந்த துண்டுகள் குழாய் வழியே போய், சூட்டைத் தணிக்கும் கூலரின் வாயில் அடைத்து நிற்கும். எத்தனை இறக்கை குறைகிறது என்று எண்ணி, அத்தனை துண்டையும் எடுத்த பிறகுதான் மூடி போட வேண்டும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது; ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, ஆயில் கூலரில் ஓட்டை இருக்கிறதா என்று பிரஷர் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பார்த்த ஒவ்வொரு வேலையையும் தேதி, இன்ஜின் மாடல், கோளாறு, மாற்றிய பாகம் என்று ஒரு நோட்டில் எழுதி, படகுக்காரரிடம் கையெழுத்து வாங்கட்டும். பழைய பாகத்தைப் போட்டோ எடுத்து வைக்கட்டும். துறைமுக டக் படகு (கப்பலை இழுக்கும் படகு), டிரெட்ஜர் (தூர்வாரும் கப்பல்) வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஐ.டி.ஐ. சான்றோடு அந்த நோட்டையும் மேசையில் வைக்கலாம்.