தள்ளினால் பிடிக்கிறது, செல்ஃபில் பிடிக்கவில்லை: 1988 அம்பாசிடர்

மலர்_அம்மாபேட்டை:

வணக்கம். எங்கள் வீட்டில் 1988 மாடல் அம்பாசிடர் மார்க் 4 இருக்கிறது. பெட்ரோல் வண்டி, 1489 சிசி எஞ்சின். பெரியப்பா வாங்கியது. அவருக்கு இப்போது கண் பார்வை சரியில்லை, அதனால் ஓட்டுவதும் பராமரிப்பதும் நான்தான்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. எஞ்சின் பிடிக்காது. சைலன்சர் பக்கம் போனால் பெட்ரோல் வாடை. சில நேரம் சாவியை விடுகிற அந்த நொடியில் ஒரு உதறு உதறிவிட்டு அடங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு முயன்றால் பிடிப்பதும் உண்டு. தெருப் பிள்ளைகள் தள்ளினால் கிளட்சை விட்டவுடன் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் நாள் முழுக்க ஓடுகிறது.

பேட்டரி புதிது, பிளக் நான்கும் புதிது. பட்டறையில் கார்ப்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார்கள், பலன் இல்லை. இப்போது புது கார்ப்புரேட்டர் போடச் சொல்கிறார்கள். இன்னொருவர் டீசல் எஞ்சின் ஏற்றிவிடலாம் என்கிறார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை, குளிர்ந்த எஞ்சினை எடுக்க டேஷ்போர்டிலிருந்து இழுக்கிற சோக் கேபிள் அடிக்கடி இறுகிக்கொள்கிறது. மாற்றிய புதுக் கேபிளும் அப்படியே இறுகிவிட்டது.

தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான் என்று பெரியப்பா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். ஊர்வலத்தில் நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டியிருக்கும். நடுத்தெருவில் நின்றுவிட்டால் அவர் தாங்க மாட்டார். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

நாகை_உப்புக்காற்று:

முதலில் பெட்ரோலைப் பாருங்கள் சகோதரி. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதிகம் ஓடாத வண்டி, டேங்க் பாதி காலி, மேலே அடைமழை என்றால் அடியில் தண்ணீர் சேர வாய்ப்பு உண்டு. என் பத்மினி காரில் கார்ப்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரை, அதாவது பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பம்ப்பிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான்.

மன்னை_பழைய_ஸ்பேனர்:

அம்மா மலர், கார்ப்புரேட்டருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். டீசல் எஞ்சின் பேச்சையே எடுக்க வேண்டாம். நல்ல எஞ்சினைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அப்புறம் அதே கோளாறோடு நிற்பீர்கள்.

நாகை நண்பர் சொன்ன சோதனை நல்ல சோதனைதான், ஒருநாள் செய்து பாருங்கள். ஆனால் இந்த வண்டியில் பெட்ரோல் குற்றவாளி இல்லை. தள்ளினால் உடனே பிடிக்கிறது என்கிறீர்களே, அதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. பெட்ரோல் வருகிறது, கார்ப்புரேட்டர் வேலை செய்கிறது, டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், சரி. தள்ளும்போது இல்லாத ஒன்று செல்ஃப் அடிக்கும்போது இருக்கிறது. அது செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்ட். ஒரு ஹெட்லைட் 5 ஆம்பியர் அளவுதான் எடுக்கும். செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது இழுக்கும்போது வழியில் எங்காவது ஒரு கனெக்‌ஷன் மோசமாக இருந்தால், பிளக்குக்குத் தீப்பொறி தருகிற காயிலுக்குப் போய்ச் சேர வேண்டிய வோல்ட் அடிபட்டுவிடும். மேல்மடையில் மோட்டார் போட்டு இறைத்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாது, நமக்குத் தெரியாததா? இங்கே காயில்தான் கடைமடை. சாவியை விட்டதும் செல்ஃப் நிற்கிறது, காயிலுக்கு முழு வோல்ட் வருகிறது, எஞ்சின் இன்னும் அரைச் சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அந்த உதறல்.

சரி, எந்த கனெக்‌ஷன்? நீங்கள் தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதினீர்களே சோக் கேபிள், அது காட்டிக்கொடுக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே செம்புக் கம்பியில் பின்னிய ஒரு எர்த் பட்டை போட்டிருப்பார்கள். அது அரித்துப்போனால் அத்தனை கரண்டும் திரும்பிப் போக வேறு வழி தேடும். எஞ்சினிலிருந்து டேஷ்போர்டுக்குப் போகிற இரும்பு எது? சோக் கேபிள். அதன் வழியாகப் பாய்ந்து சூடேறி, உள்ளே உள்ள கிரீஸ் வெந்து, கம்பி இறுகிவிடுகிறது. புதுக் கேபிள் போட்டாலும் இதே கதைதான் நடக்கும். இதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாதம்மா. பக்கத்திலேயே கார்ப்புரேட்டர் இருக்கிறது, கேபிள் பழுக்கச் சூடானால் தீப்பிடிக்கும்.

பார்க்கும் விதம்: நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர்தான் தீப்பொறியை நான்கு பிளக்குக்கும் பிரித்துக் கொடுப்பது; காயிலின் நடுவிலிருந்து அதற்குப் போகும் தடித்த எச்.டி. (ஹை டென்ஷன்) வயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எடுத்து, எஞ்சின் இரும்பில் பத்திரமாகத் தொட வைத்துக் கட்டிவிடுங்கள், எஞ்சின் பிடிக்காது. மல்ட்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையில் வையுங்கள். கிளாம்ப்பில் அல்ல, ஈய முளையிலேயே. இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் அழுத்துங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் காட்டினால் பிடித்துவிட்டோம். அப்படியே பேட்டரியின் இரண்டு முளைக்கும் நடுவே எவ்வளவு நிற்கிறது என்றும் பார்த்து எழுதுங்கள்.

வலங்கைமான்_வயல்காரன்:

ஐயா சொன்னதுக்கு மேலே நான் சொல்ல ஒன்றுமில்லை. எலியை மட்டும் பாருங்கள் அக்கா. அறுவடை முடிந்தால் வயலில் இருந்த எலியெல்லாம் வீட்டுக்கும் கொட்டகைக்கும் வரும். எங்கள் வண்டியில் காயில் வயரைப் பாதி கடித்து வைத்திருந்தது, மேலே பார்த்தால் தெரியவே இல்லை. கல்யாணம் தையில் என்கிறீர்கள், சம்பா அறுப்பும் அப்போதுதான். பானெட்டுக்குள் அடிக்கடி டார்ச் அடித்துப் பாருங்கள்.

மலர்_அம்மாபேட்டை:

ஐயா, பம்ப்செட் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் தம்பியிடம் மீட்டர் வாங்கி, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முளைகளில் 10.4 நிற்கிறது. நெகட்டிவ் முளைக்கும் எஞ்சினுக்கும் நடுவே 2.6 வோல்ட்! சோக் கேபிளைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை.

பட்டையைத் தேடிப் பார்த்தேன். சேறும் ஆயிலும் மூடி, நுனியில் பச்சை பூத்து, நாலைந்து இழைதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தம்பி ஜம்பர் கேபிளை நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் பிராக்கெட்டில் மாட்டி, எச்.டி. வயரைத் திரும்பப் போட்டுவிட்டு அடிக்கச் சொன்னான். செல்ஃப் சுற்றின வேகமே வேறு. எஞ்சின் உடனே பிடித்தது. பெரியப்பா சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து வந்துவிட்டார்.

இப்போது ஒரே சந்தேகம். இன்று விடியற்காலை நல்ல மழை. ஜம்பர் மாட்டியும் முதலில் கொஞ்சம் தடுமாறித்தான் பிடித்தது. மூன்று சிலிண்டரில் ஓடுகிற மாதிரி ஒரு ஆட்டம், பிறகு சரியாகிவிட்டது.

மன்னை_பழைய_ஸ்பேனர்:

நல்லதம்மா, மனசு நிறைந்தது. 10.4இல் 2.6 போனால் காயிலுக்குக் கிடைத்தது 8 வோல்ட்கூட இல்லை. அதில் எங்கே தீப்பொறி வரும்?

பட்டைக்கு அம்பாசிடர் பெயர் சொல்லித் தேட வேண்டாம். டிராக்டர் பேட்டரிக்கு விற்கிற பின்னல் எர்த் பட்டை எந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், நீளம் மட்டும் அளந்துகொண்டு போங்கள். எஞ்சின் ஆடும்போது இழுபடாமல் கொஞ்சம் தொய்வு வேண்டும். இரண்டு பக்கமும் பெயின்ட்டும் துருவும் போக எமரி பேப்பரால் இரும்பு பளபளக்கத் தேயுங்கள். போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள், முறுக்குவதற்கு முன்னால் அல்ல. பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் கேபிளின் நுனியையும் அப்படியே செய்யுங்கள். பிறகு மீட்டர் வைத்து மறுபடி பாருங்கள். சோக் கேபிள் புதிது போட்டுவிடுங்கள், வெந்த கேபிளை நம்பக் கூடாது.

மழையில் தடுமாறுவது வேறு சங்கதி. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடையுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பென்சிலில் கீறினாற்போல் கருப்புக் கோடு தெரிகிறதா? தெரிந்தால் தேய்த்துப் பயனில்லை, ஈரம் பட்டதும் கரண்ட் அந்தக் கோட்டில்தான் ஓடும். கேப்பையும் அதற்குள் சுற்றும் ரோட்டரையும் மாற்றுங்கள். கோடு இல்லையென்றால், இருட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். பிளக் வயர்களில் நீலப் பொறி கசிந்தால் வயர் செட் போய்விட்டது. கேப் கழற்றிய கையோடு, உள்ளே திறந்து மூடிக் காயிலுக்குக் கரண்டை வெட்டிவிடும் சி.பி. பாயிண்ட்டையும் பாருங்கள். இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். பாயிண்ட் கருகிப் போயிருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

மலர்_அம்மாபேட்டை:

கோடு இருக்கிறது ஐயா. இரண்டாவது முனைக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, முடி மாதிரி. கேப்புக்கும் ரோட்டருக்கும் கும்பகோணத்தில் சொல்லி வைத்துவிட்டேன். பட்டை போட்டாச்சு, மீட்டரில் 0.3 காட்டுகிறது. ஊர்வலத்துக்கு வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

மன்னை_பழைய_ஸ்பேனர்:

0.3 அருமை. பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நாகை நண்பர் சொன்ன எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து வெடிக்கவைக்கும். கடையில் எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஊர்வல வேகத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் சரியாக ஏறாது. மைக் செட்காரரும் அலங்காரக்காரரும் சீரியல் லைட்டை உங்கள் பேட்டரியில் மாட்டக் கேட்பார்கள், சம்மதிக்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு பேட்டரி டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் பூ அலங்காரம் செய்யும்போது ரேடியேட்டர் கிரில்லை மூடிவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், காற்றுப் போக வழி வேண்டும்.