புதுப்பிப்பு: தப்பு அடிக்கு வெட்டிய அனிமே காணொளி

ஹட்டனிலிருந்து கொழும்பு அனிமே விழாவுக்குப் போவது அலைச்சலுக்குத் தகுமா, எங்கள் தோட்டத்துத் தப்பு மேளத்தின் அடிக்கு அனிமே காட்சிகளை வெட்டி ஒட்டி ரசிகர் காணொளி செய்ய முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இரண்டும் நடந்தேறிவிட்டன.

பிரேம் கணக்கைச் சொன்னவருக்குப் பெரிய நன்றி. அனிமே வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படங்கள். ஆனால் ஒரே ஓவியம் பெரும்பாலும் இரண்டு மூன்று பிரேம்களுக்கு அப்படியே நிற்கும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 12 பிரேம். ஓவியம் மாறும் இடத்திலேயே வெட்டினால்தான் வாள்வீச்சும் அடியும் ஒன்றாக விழுகின்றன. காமன் கூத்து விழாவில் பதிவுசெய்த தப்போ போகப்போக வேகமெடுக்கிறது! மென்பொருளை நம்பாமல் காதால் கேட்டுத்தான் ஒவ்வோர் அடியையும் குறித்தேன். அடியோடு ஒட்டாத, வாயசைக்கும் காட்சிகளை இரக்கமில்லாமல் நீக்கினேன். 1982இல் ஜிம் கபோஸ்டாஸ் என்ற அமெரிக்க அனிமே ரசிகர் இரண்டு வீடியோ ரெக்கார்டர்களை இணைத்து இதே வேலையைச் செய்திருக்கிறார். மனிதருக்கு என்ன பொறுமை!

விழா தகும். கூட்டம், நெரிசல், விலை எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். தங்கையின் அட்டை வாளுக்கும் டிக்கெட் வேண்டுமா என்று பஸ் நடத்துநர் கேலி செய்தார்.

தப்புப் பதிவைக் கேட்டவர்களே, அடித்த அண்ணன்மாரிடம் அனுமதி பெற்றபின் அனுப்புகிறேன்.